ஆபீஸ் அக்கா சொன்ன ‘சரி’

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் கையில் போனோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பசிக்கிறதோ என்று திரும்பினேன். அவள் தன் இடது கெண்டைக்காலில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். புளியங்கொட்டை அளவில், மற்ற தோலைவிட வெளுத்து, வழவழவென்று இருக்கும் தழும்பு.

“இது எப்படிம்மா வந்துச்சு?”

பதினாறு வருடமாகச் சொன்னதையே சொன்னேன். “ஒரு வயசுல சுடுகஞ்சி கொட்டிருச்சுன்னு எத்தன தடவதான் சொல்றது?”

“கஞ்சியா, சுடுதண்ணி பாட்டிலா?”

நான் அடுப்பை அணைத்தேன்.

“பொய் சொல்லப் போறப்பல்லாம் நீங்க அடுப்ப அணைப்பீங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

சுடுதண்ணீர் பாட்டில் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் நான்கு பேர். நான், என் கணவர், என் தங்கை, ஆபீஸ் அக்கா. நாங்கள் இருவரும் சொல்லவில்லை. தங்கைக்கு வாயைத் திறக்கிற தைரியம் கிடையாது. மிச்சம் ஒருவர்தான். தன் வாழ்நாளில் கொடுத்த வாக்கை ஒரு முறைகூட மீறாதவர் என்று எங்கள் பள்ளி முழுக்கப் பெயர் எடுத்தவர்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பள்ளியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திண்டுக்கல்லில் நான் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் அவர் அலுவலகத் தட்டச்சர். அதனால் எல்லோருக்கும் ஆபீஸ் அக்கா. ஒல்லியான உடம்பு, காதில் சின்னச் சிவப்புக்கல் தோடு, தோளில் எந்நேரமும் ஒரு ரெக்ஸின் பை. சொந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம் என்பதால் பேச்சில் ‘ங்க’ அதிகம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ‘பாக்கலாங்க’ என்றால் நடக்காது. ‘சரிங்க’ என்றால் அந்தக் காரியம் அப்போதே பாதி முடிந்துவிட்டது என்று நாம் எழுந்து போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவரிடம் சொல் இல்லை.

ஒரு முறை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், “செத்த நேரம் இதப் பிடிச்சுக்கம்மா, இந்தா வந்துர்றேன்” என்று ஒரு சேவலை நீட்டியிருக்கிறாள். இவரும் ‘சரிங்க’ என்று வாங்கிக்கொண்டார். பழனி பஸ் மூன்று போய்விட்டன. இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெண் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவள், “இன்னுமா நிக்கிற நீ? நான் மறந்தே போயிட்டேனே ஆத்தா!” என்றாளாம். மறுநாள் இதைச் சாப்பாட்டு வேளையில் சொன்னபோது நாங்கள் சிரித்துப் புரையேறினோம். எங்கள் விளையாட்டு ஆசிரியை, “போட்டுட்டு வர வேண்டியதுதானக்கா?” என்று கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “வாங்கியாச்சுல்லங்க?” என்றார்.

பள்ளியின் எல்லாத் தேர்வுக் கேள்வித்தாள்களையும் அவர்தான் தட்டச்சு செய்வார். அவருடைய அண்ணன் மகள் அவர் வீட்டில் தங்கி எங்களிடம் படித்தாள். கணக்கில் மிகவும் திணறுகிற பெண். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அக்கா அவளுக்கு எந்தப் பாடமும் சொல்லித்தர மாட்டார். அவள் புத்தகத்தைத் திறந்தால் இவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அவள் திறக்கிற பக்கத்தைப் பார்த்துத் தன் முகம் ஏதாவது சொல்லிவிடுமோ என்று பயம். அந்த வருடம் அந்தப் பெண் கணக்கில் தோற்றாள். அத்தையும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரத்தில் ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை.

செய்ய முடியாமல் போகிற வாக்குக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. வாங்கியவரிடமே போய்க் கேட்பார். விளையாட்டு ஆசிரியைக்கு மாவடு ஊறுகாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வருடம் மரம் காய்க்கவில்லை. காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன் மைதானத்துக்கே போய், “டீச்சர், அந்த மாவடு விஷயத்துல என்னைய விட்டுடுங்க” என்று நின்றார். அவர் சிரித்துக்கொண்டே, “அட, விட்டேன் போங்கக்கா” என்ற பிறகுதான் திரும்பினார். “கேட்டவங்க விட்டாத்தாங்க விடும். நாமளா இறக்கி வைக்க முடியாது.” இது அவர் அடிக்கடி சொல்வது.

இப்படிப்பட்டவர் எழுதியது ராஜா ராணிக் கதை என்பதுதான் வேடிக்கை. போனில் தொடர்கதை படிக்கிற ஒரு செயலியில், புனைபெயரில், ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு ஓர் அத்தியாயம் போடுவார். எங்கும் சமதரையாகக் கிடக்கிற ஒரு நாடு. நடுவில் ஒற்றைப் பாறை, பாறைமேல் கோட்டை. அது எந்த ஊர் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டில் யாராவது வாக்குக் கொடுத்தால் கொல்லன் வந்து காலில் ஓர் இரும்பு வளையம் பூட்டுவான். வாக்கை வாங்கியவர் நேரில் வந்து ‘விட்டேன்’ என்று மூன்று முறை சொன்னால்தான் அதைக் கழற்றலாம். அதனால் அந்த நாட்டில் நல்லவர்கள் மெதுவாக நடப்பார்கள். ஒருவன் வேகமாக ஓடி வந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

கோட்டையில் ஓர் இளவரசி வளர்கிறாள். அவள் ராணி பெற்ற பிள்ளை இல்லை. அது தெரிந்த காவல்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் கால்களில் ஏழு வளையங்கள். ஊரில் எத்தனையோ பேர் எழுதுகிற கதைதான், பிறப்பு ரகசியமும் சத்தியமும். ஆனால் அந்தக் காவல்காரி படியிறங்கும்போது ஏழு இரும்பும் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தை அவர் எழுதியிருந்த விதத்தில் நமக்கே கால் கனக்கும்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் படித்தோம். நானும் படித்தேன். எண்பத்திரண்டு அத்தியாயம் ஒன்றுவிடாமல் படித்தேன். என் மகளுக்கு அந்தச் செயலியைப் போனில் போட்டுக்கொடுத்ததும் நான்தான்.

“அந்தக் காவல்காரி ஏழு வளையத்த மாட்டிக்கிட்டு பாத்ரூம் போயிட்டு வரணும்னா எம்புட்டு நேரம் ஆகும்க்கா?” என்று விளையாட்டு ஆசிரியை கேட்பார்.

“அதுக்குத்தாங்க விடியறப்பவே கிளம்பிருவா,” என்பார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“இளவரசி யாரு பெத்த புள்ள? எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க.”

“பாக்கலாங்க.”

மொத்த அறையும் சிரிக்கும்.

அந்த இளவரசி யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை இன்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் தங்கை, கல்யாணமாகாமலே கர்ப்பமானாள். காரணமானவன் காணாமல் போய்விட்டான். நான் அழுதுகொண்டு போய் நின்றது ஆபீஸ் அக்காவிடம். அவர் தொப்பம்பட்டி அருகே தன் அம்மா வீட்டில் ஐந்து மாதம் தங்கையை வைத்திருந்தார். பிரசவத்துக்கும் அவரே துணை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் எப்படி வந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை.

தங்கை, “ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும்க்கா, அப்புறம் தாரேன்” என்றாள். ஒரு வாரம் பால் கொடுத்துவிட்டால் தரமாட்டாள் என்று எனக்குப் பயம். மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டேன். அவள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மழை. குளிருக்காகச் சுடுதண்ணீர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பிள்ளையின் காலடியில் வைத்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்து பிள்ளை வீரிட்டு அழுதது. பசி என்று நினைத்தோம். ரெட்டியார்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தித் துணியைப் பிரித்தபோதுதான் துண்டு நழுவியிருந்ததும், காலில் தோல் உரிந்திருந்ததும் தெரிந்தது.

அந்த இடத்தில், பிள்ளையை மடியில் வைத்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. வளந்தப்புறம் இவளுக்கும் நீங்க சொல்லக் கூடாது. நான் விடுற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார். அதன் பிறகுதான், “சரிங்க டீச்சர்” என்றார்.

எனக்கு அந்த ‘சரி’ போதவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள்; அவரும்தான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற நாள் வந்தபோது அவரையே ஞானத்தாயாக நிற்கச் சொன்னேன். கோயிலில் வைத்து உறவாக்கிக்கொண்டால் வாய் இன்னும் கெட்டியாக மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். நான் செய்த பெரிய தவறு அது. ஞானஸ்நானத்தில் பிள்ளையால் பேச முடியாது என்பதால், ஃபாதர் கேட்கும் கேள்விகளுக்கு ஞானத்தாயும் எங்களோடு சேர்ந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பேயையும் அதன் பொய்யையும் விட்டுவிடுகிறோம் என்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் சொல்கிற பதில்தான். எரிகிற மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அவரும் சொன்னார்.

படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “டீச்சர், உங்களுக்கு ஒண்ணு குடுத்திருக்கேன். இன்னைக்கு இவளுக்கும் ஒண்ணு குடுத்துட்டேங்க. ரெண்டும் ஒரு நாள் முட்டிக்குமே?”

“அது எல்லாரும் சொல்றதுதானக்கா. ஃபாதர் கேப்பாரு, நம்ம சொல்லுவோம், முடிஞ்சுது.”

“எல்லாரும் சொல்லுவாங்க,” என்றார்.

அதன் பிறகு அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். மகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மை முடிந்த மறுநாள் ஒரு முறை. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, நான் ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மதியம் இன்னொரு முறை. “பெரியம்மான்னு வந்து மேல சாயுறாளுங்க டீச்சர். என்னால நேராப் பாக்க முடியல. நீங்க சொல்லிடுங்க. இல்லைன்னா என்னைய விட்டுடுங்க.”

நான் குழாயை இன்னும் வேகமாகத் திறந்தேன். “அவ போயிருவாக்கா. தெரிஞ்சா எங்கள விட்டுட்டு என் தங்கச்சிகிட்டப் போயிருவா. விட முடியாது.”

அவர் ஒரு குடுவையை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை அவர் கேட்டது எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அறையில், எல்லோர் முன்னிலும், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “அடுத்த மாசம் காவல்காரி ராணிகிட்டப் போயி விடச் சொல்லிக் கேக்கறாளுங்க. விடணுமா வேணாமா? நீங்க என்ன டீச்சர் சொல்றீங்க?”

நான் கதை என்றே நினைத்தேன். “விடவே கூடாது. குடுத்தது குடுத்ததுதான். அவ வாயத் தொறந்தா ராணிக்கு வேற யாரு இருக்கா?” என்றேன். அவர் தலையாட்டினார். பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மறுபடியும் அந்தச் சனிக்கிழமை. மகள் போனை மேடையில் வைத்தாள். எண்பத்து மூன்றாம் அத்தியாயம். நின்றபடியே படித்தேன்.

அந்த அத்தியாயத்தில் காவல்காரி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, இளவரசியின் பிறந்தநாளுக்கு, ராணியின் தங்கை வருகிறாள். அளவு கேட்காமலே உடுப்புத் தைத்துக் கொண்டுவருகிறாள். அது எப்போதும் சரியாக இருக்கிறது. திரும்பிப் போகும்போது ஒரே ஒரு முறை இளவரசியைக் கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்டு, தோளிலிருந்து இடுப்புவரை முதுகில் கையை விரித்துச் சாண் போடுகிறாள். படகில் உட்கார்ந்ததும் அந்தச் சாண் கணக்கை ஒரு நூலில் முடிச்சாகப் போட்டுக்கொள்கிறாள். அப்போது அவளுக்கு ஒரு பழைய விடியற்காலை ஞாபகம் வருகிறது. மழை. கூடாரவண்டி. பச்சைக் குழந்தையின் காலடியில் கம்பளியில் சுற்றி வைத்த சுடுகல். கம்பளி நழுவியதும், கெண்டைக்காலில் விழுந்த தழும்பும். வாசகர்களுக்கு அது கல். அடியில் மட்டும் ஒரு குறிப்பு போட்டிருந்தார்: எங்கள் ஊர்ப் பக்கம் இதற்குச் சுடுதண்ணீர் பாட்டில் வைப்பார்கள் என்று.

“சித்தி ஒவ்வொரு பர்த்டேக்கும் கிளம்புறப்ப என் முதுகுல சாண் போடுவாங்க,” என்றாள் மகள். “கூச்சமா இருக்கும். கேட்டா, சும்மாடான்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது. எனக்கே தெரியாத ஒன்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த நிமிடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “கதைதானடி” என்று இன்னொரு பொய் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உண்மையைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சித்தி என்னைய வேணாம்னு குடுத்தாங்களா, நீங்க கேட்டு வாங்குனீங்களா?”

“கேட்டு வாங்குனோம்.”

அவள் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன். திறந்த கதவுக்கு வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கணவரும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் நேராகப் போனேன்.

“நல்லா இருப்பீங்களாக்கா நீங்க?”

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “டீச்சர், வீட்டுக்குப் போயிப் பேசலாங்க,” என்றார்.

“எதுக்கு வீடு? ஊருக்கே எழுதிட்டீங்கல்ல. இங்கயே பேசுவோம்.”

“நான் அவகிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க.”

“சொல்லலையா? எழுதுனா அது சொன்னதாகாதா? எம்புட்டுச் சாமர்த்தியம்! உங்கள நம்பி எம்புள்ளைக்கு ஞானத்தாயா நிக்க வச்சேனே. துரோகி!”

சுற்றிலும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். எங்கள் விளையாட்டு ஆசிரியை வந்து என் கையைப் பிடித்தார். உதறினேன். அக்காவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. வாய் ஒரு முறை திறந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நானே ஒரு கணம் நிறுத்தினேன். அது மூடிக்கொண்டது.

“யாருக்குக் குடுத்ததையும் நான் மீறலீங்க டீச்சர்,” என்றார்.

எனக்கு அது திமிராகப் பட்டது. “இனி அந்தப் பேச்சுப் பேசுனா உங்க நாக்கு அழுகிப் போகும்,” என்றேன். கோயில் வாசலில், நன்மை வாங்கிய வாயால் சொன்னேன். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் மெதுவாக நடந்து போனார்.

எண்பத்து நான்காம் அத்தியாயம் வரவில்லை. ‘அக்கா, அடுத்தது எங்க?’, ‘இளவரசி கண்டுபிடிச்சாளா இல்லையா?’ என்று செயலியில் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாவன்று நான் விடுப்பு எடுத்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு தொப்பம்பட்டிப் பக்கம் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டார் என்றார்கள். நல்லது என்றேன்.

மகள் போய்விடுவாள் என்றுதான் நான் பதினாறு வருடம் பயந்தேன். அவள் போகவில்லை. தேர்வு எழுதினாள், மதுரையில் காலேஜ் சேர்ந்தாள், விடுதியில் தங்கினாள். என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வந்துவிட்டது, இருட்டில் படியைத் தடவிப் பார்த்துக் கால் வைக்கிறவர்கள் மாதிரி. அவள் போனை எடுக்காத ஒவ்வொரு முறையும் பின்னாளில் கல்யாணமாகித் திருப்பூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றே நினைப்பேன். விடுதிக் காப்பாளரை நான் கூப்பிட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. கணவர், “வேணாம்மா, புள்ள ரோசப்படும்” என்பார்.

தங்கையோ வரவே இல்லை. அவள் கணவருக்கும் மகன்களுக்கும் எதுவும் தெரியாது. விஷயம் வெளிவந்ததும் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த பிறந்தநாளுக்கு முதல் முறையாக அவளும் வரவில்லை, வருடாவருடம் அவள் தைத்துக் கொண்டுவரும் உடுப்பும் வரவில்லை. மகள் அன்று காலையிலிருந்து வாசல் பக்கமே நடமாடிக்கொண்டிருந்தாள். மாலையில், இருப்பதில் ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு கேக் வெட்டினாள். என் வாயிலும் ஒரு துண்டு ஊட்டினாள். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு பெண், ஒரே ஓர் அத்தியாயம் என்று அன்றும் நினைத்துக்கொண்டேன். சமைக்கும்போதும், விடைத்தாள் திருத்தும்போதும், செபமாலை சொல்லும்போதும்கூட அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் அப்படிப் போனது.

போன மாதம், தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறைக்கு மகள் வந்திருந்தாள். புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். வெளிக்கதவு சத்தம் கேட்டு அவள்தான் எழுந்து போனாள். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தங்கை நின்றிருந்தாள். கையில் உடுப்புப் பொட்டலம் இல்லை. நெற்றிப் பக்கம் முடி நரைத்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதோ, கூட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அம்மா இருக்காங்களாடா?” என்று தங்கைதான் முதலில் கேட்டாள்.

“இருக்காங்க. உள்ள வாங்க சித்தி.”

‘சித்தி’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடத்துக்கு ஓடி வந்தேன். தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையோடு அழுகையாக, இத்தனை நாள் பழகிப்போன வசவும் வந்துவிட்டது.

“நீ என்னடி பண்ணுவ, உம்மேல எனக்குக் கோவமே இல்ல. எல்லாம் அந்தப் பொம்பள பண்ணுன வேல. கூடவே இருந்து நம்ம குடும்பத்தையே பிரிச்சுட்டு, இப்ப ஊர்ல போயி நிம்மதியா உக்காந்திருக்கா. அவ நல்லா இருப்பாளா?”

தங்கை என் கையிலிருந்து தன் கைகளை எடுத்துக்கொண்டாள். உட்காரவில்லை. மகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அவங்களப் பேசாதக்கா. நான்தான் எழுதச் சொன்னேன். நீ கடைசி வரைக்கும் சொல்ல விடமாட்ட, எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல. அவளா கண்டுபிடிக்கட்டும்னு அந்தக்காகிட்ட உக்காந்து ஒண்ணொண்ணா நான்தான் சொன்னேன். மாட்டேன்னாங்க. கால்ல விழுந்தேன். நான் கேட்டேங்கறது உனக்குத் தெரியவே கூடாதுன்னும் வாக்கு வாங்கிக்கிட்டேன். கோயில் வாசல்ல அம்புட்டுப் பேரு முன்னால நீ துரோகின்னு சொன்னியாமே. அப்பக்கூட அவங்க என்னையக் காட்டிக் குடுக்கலக்கா.”